பட்டியலில் இல்லாத பட்டைத்தூள்

காளயுக்தி வருஷம், ஆவணி 20
கோரைக்குப்பம்

தம்பி தங்கவேலுவுக்கு, அக்கா கோவிந்தம்மா சொல்லச் சொல்ல உப்பளக் கணக்கர் தருமலிங்கம் எழுதும் ஓலை.

நீ இப்போது சாலமன் என்று கேள்வி. நைனா வைத்த பெயரே எனக்குப் போதும். கங்கையம்மனை விட்டுவிட்டு ஒல்லாந்தர் கோட்டைக்குள் போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்ட அன்றைக்கு, இனிமேல் இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னவள் நான்தான். அந்தப் பேச்சை இப்போதும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் என் புருஷன், உன் மாமா, அந்தக் கோட்டை ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடக்கிறார். அங்கே எனக்குத் தெரிந்த முகம் உன்னுடையது ஒன்றுதான். வேறு வழியிருந்தால் இந்த ஓலை வந்திருக்காது.

நடந்தது உனக்கும் தெரிந்திருக்கும். கும்பினியின் துணிப்பொதிகளை ஏற்றிக்கொண்டு கப்பலுக்குப் போகும்போது, முகத்துவாரத்து அலையில் சலங்குப் படகு ஏறி இறங்குகிற நேரத்தில், தண்டலாக நின்று ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன் குளிர்நடுக்கத்தில் சுருண்டு விழுந்தார். கும்பினி ஆட்களே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரக்கமோ, இப்படி இன்னொரு தண்டல் கிடைக்கமாட்டான் என்ற கவலையோ, நான் அறியேன். கஞ்சி எடுத்துக்கொண்டு கோட்டை வாசல்வரை போனேன். குப்பத்துப் பொம்பிளைக்கு உள்ளே வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கஞ்சியைக் காக்காய்க்கு ஊற்றிவிட்டு வந்தேன்.

நேற்று அவரோடு துடுப்புப் போடுகிற செங்கல்வராயன் வந்து, "அக்கா, அவருக்குக் குடுக்குற தூளை மருந்துக் கிடங்குக்காரனே கையால தொடமாட்டேன்னுட்டானாம். அவங்க கணக்குலயே இல்லாத மருந்தாம்" என்றான். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அது என்ன தூள்? யார் கொடுக்கச் சொன்னது? வெள்ளைக்காரனுக்குக் கொடுப்பதற்கு முன்னால் படகுக்காரனுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்களா? உனக்குத் தெரிந்ததை எழுது. நலம் விசாரிக்க வேண்டாம், எங்கள் நலம் உன் கையில்தான் இருக்கிறது.

*

பழவேற்காடு கோட்டை
1678 செப்டம்பர் 4

அக்காவுக்கு சாலமன் எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் மாமா உயிரோடிருக்கிறார். கணக்கர் இதை வாசிக்கும்போது பாதிக் குப்பம் சுற்றி நிற்கும் என்று தெரியும். ஆகையால் அளந்துதான் எழுத வேண்டியிருக்கிறது.

மாமாவுக்கு வந்திருப்பது முறைக்காய்ச்சல். விட்டுவிட்டு, தன் முறை தவறாமல் வந்து உலுக்குகிறது. இங்கே மருந்துகள் கும்பினித் தலைமையிடமான பத்தாவியாவிலிருந்து பெட்டியில் வரும். பெட்டியோடு ஒரு பட்டியலும் வரும். எந்த மருந்தை, எந்த நோய்க்கு, எவ்வளவு கொடுக்கலாம் என்று பெரியவர்கள் பார்த்து முத்திரை வைத்தது. வைத்தியர் துரை அதிலிருந்து கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்துப் பார்த்தார். ரத்தமும் எடுத்தார். காய்ச்சல் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தத் தூள். ஏதோ தூர தேசத்து மரத்தின் பட்டையாம். மயிலாப்பூர்ப் போர்த்துக்கீசியப் பறங்கிச் சாமியார்களிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறார். ஒல்லாந்தருக்கு ஆகாத பறங்கியர் சரக்கு என்பதால் இங்கே பலருக்கு அது பிடிக்காது. பட்டியலிலும் கிடையாது. விஷம் என்று யாரும் சொல்லவில்லை. நல்லது என்று யாரும் முத்திரை வைக்கவுமில்லை. வைத்தியர் தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்.

படகுக்காரனைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். மாமாவுக்கு முன்பே இரண்டு ஒல்லாந்துச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார். ஒருவன் எழுந்து நடக்கிறான். இன்னொருவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, காய்ச்சல் அப்படியேதான் இருக்கிறது.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னார்களா என்று அடுத்து நீ கேட்பாய். வைத்தியர் சொன்னதைத் தமிழில் சொல்வதுதான் என் வேலை. அவர் நிறையப் பேசினார். அவசரத்தில், "மருந்து மாமா, குடி" என்றேன். அவரும் குடித்தார். இதற்கு மேல் கேட்டு எழுதாதே. நான் இங்கே சம்பளத்துக்கு நிற்கிறவன்.

*

காளயுக்தி வருஷம், ஆவணி 28
கோரைக்குப்பம்

தங்கவேலுவுக்கு.

முதலில் உன்னைத் திட்டித்தான் ஆரம்பித்தேன். அந்த வார்த்தையை எழுதமாட்டேன் என்று கணக்கர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார். அது என்ன வார்த்தையென்று உனக்கே தெரியும்.

"மருந்து மாமா, குடி." இதுக்கா உன்னை இரண்டு பாஷை படிக்க வைத்தார்கள்? கருவாடு வாங்க வருகிறவளுக்கே நாங்கள், இது மழையில் நனைந்த மீன், இது வெயிலில் காய்ந்த மீன் என்று சொல்லித்தான் விற்கிறோம். நாலு நாள் வைத்துத் தின்னும் கருவாட்டுக்கு அவ்வளவு பேச்சு. ஒருத்தர் உடம்புக்குள் போகிற மருந்துக்கு ஒரே வார்த்தையா? முத்திரையில்லாத மருந்து என்று தெரிந்திருந்தால் அவர் வேண்டாம் என்றிருப்பார் என்று நான் சொல்லவில்லை. குடித்தும் இருப்பார். ஆனால் தெரிந்து குடித்திருப்பார். இத்தனை நாள் நீ எங்களைவிட உயர்ந்த இடத்துக்குப் போய்விட்டதாக நினைத்தேன். அங்கே போயும் பயந்துகொண்டுதான் இருக்கிறாய்.

இன்னொன்று. செங்கல்வராயன் நேற்றுத் துணிப்பொதி இறக்கப் போனபோது சன்னல் வழியாக அவரைப் பார்த்திருக்கிறான். கூப்பிட்டால் திரும்பவில்லையாம். சைகை காட்டிய பிறகு, காதுக்குள்ளே அலை இரைகிறது, வேறொன்றும் கேட்கவில்லை என்றாராம். இது காய்ச்சலா, தூளா? உன் மாமா கண்ணால் படகு ஓட்டுகிறவர் இல்லை. முகத்துவாரத்தில் எந்த அலைக்குப் பின்னால் இடைவெளி வருகிறது என்று சத்தத்தை வைத்துத்தான் அவர் சலங்குப் படகை உள்ளே விடுவார். காது போன தண்டலை எந்தக் கும்பினி வைத்துக்கொள்ளும்? எனக்கு அவர் உயிரோடு வேண்டும், காதோடும் வேண்டும். வைத்தியரிடம் கேள். கேட்டதை அவரிடமும் சொல், எனக்கும் சொல். பயமாக இருந்தால் அக்கா கேட்கச் சொன்னாள் என்று சொல்.

*

பழவேற்காடு கோட்டை
1678 செப்டம்பர் 14

அக்காவுக்கு.

கேட்டுவிட்டேன். அக்கா கேட்கச் சொன்னாள் என்றுதான் கேட்டேன். வைத்தியர் முதலில் முகம் சுளித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். யாராவது கேட்கமாட்டார்களா என்று அவரும் காத்திருந்த மாதிரி இருந்தது.

காதிரைச்சல் தூளால்தானாம். அளவைக் குறைத்தால் குறையும். நிறுத்தினால் பெரும்பாலும் போய்விடும். எல்லோருக்கும் போகும் என்று அவரால் சொல்ல முடியாது. எவ்வளவு கொடுப்பது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கிறார். பட்டியலை எழுதியவர்கள் இந்த ஏரிக்கரைக் காய்ச்சலைக் கண்ணால் பார்த்ததில்லை என்றார். ஏதாவது ஆகிவிட்டால் பட்டியல் தனக்குத் துணைக்கு வராது, தன் தலைதான் போகும் என்றும் சொன்னார்.

அவரையே கூட்டிக்கொண்டு மாமாவின் கட்டிலுக்குப் போனேன். காதருகில் குனிந்து, ஒன்று விடாமல் கத்திச் சொன்னேன். படுக்கைக்கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாமா, "இத்த மொத நாளே சொல்றதுக்கு இன்னாடா உனக்கு?" என்றார். அப்புறம் அவரே, "காய்ச்சல் வந்தா செத்துடுவேன். காது போனா கரையில குந்திக்கினு வலை பின்னுவேன். குடுக்கச் சொல்லு. கோவிந்துகிட்ட மட்டும் நீயே சொல்லிடு" என்றார்.

அக்கா, போன முறை வரவேண்டிய காய்ச்சல் வரவில்லை. இதை எழுதி முடிக்கும் முன்பே இன்னொரு தொல்லை வந்துவிட்டது. பட்டியலில் இல்லாத எதையும் இந்த ஆஸ்பத்திரிக்குள் கொடுக்கக்கூடாது என்று கோட்டைத் துரை உத்தரவு போட்டுவிட்டார். யாரோ கோள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் மாமாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பொட்டலத்தில் தூளும், இடிக்காத பட்டைத் துண்டு ஒன்றும் இருக்கும். கொட்டைப்பாக்கு அளவு தூளைக் கஞ்சித்தண்ணீரில் கலக்கிக் காலையில் கொடு. காய்ச்சல் நின்றுவிட்டதே என்று நிறுத்திவிடாதே, நிறுத்தினால் திரும்ப வரும். பழவேற்காட்டில் எந்தக் கடையிலும் இது கிடைக்காது. தீருவதற்கு முன்பே சொல்லி அனுப்பு.

*

காளயுக்தி வருஷம், புரட்டாசி 20
கோரைக்குப்பம்

தம்பிக்கு.

திட்டுவதற்கும் தெம்பில்லை. கணக்கரை அவசரமாகக் கூப்பிட்டு எழுதச் சொல்கிறேன்.

வந்து சேர்ந்த நாளே படகில் தண்ணீர் ஏறிப் பொட்டலம் பாதி நனைந்துவிட்டது. மிச்சத்தை வைத்து ஓட்டினேன். நல்லாத்தான் இருந்தார். அது தீரும்போது மழை, ஏரியில் படகு எடுக்க ஆளில்லை. அந்தப் பட்டைத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நாக்கில் வைத்தேன். ஒரே கசப்பு, நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. நிறமும் அதே நிறம். நம்ம வலைக்குச் சாயம் ஏற்ற அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கருவேலம்பட்டையை ஒரு துண்டு எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வயிற்றுப்போக்குக்கு அந்தப் பட்டைத் தண்ணீரை நாம் குடிக்காததா?

எனக்குள் ஒரு எண்ணம் ஓடியது. அதை மறைக்கமாட்டேன். மருந்துக் கிடங்குக்காரன் தொடமாட்டேன் என்றது, பெயர் சொல்லாமல் மறைத்தது, எல்லாம் இதற்குத்தான் என்று நினைத்தேன். நம்ம வலைப்பட்டையைத்தான் இடித்துத் தூர தேசத்துச் சரக்கு என்று கொடுக்கிறார்கள், வெளியே தெரிந்தால் வெட்கக்கேடு என்று பொத்தி வைக்கிறார்கள் என்று எண்ணிவிட்டேன். எங்களிடம் ஒளித்தால் நாங்கள் வேறு எதைத்தான் நினைப்போம்?

சாயப்பானைத் தண்ணீரைத் தெளியவைத்துத் தினமும் காலையில் கொடுத்தேன். முந்தாநாள் காய்ச்சல் வந்துவிட்டது. கட்டில் ஆடுகிற ஆட்டத்தில் குழந்தைகள் பயந்து வெளியே ஓடிவிட்டார்கள். இன்னொரு முறை வந்தால் தாங்கமாட்டார். இந்த உடம்பை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியும். எனக்கு அந்தத் தூள் வேண்டும். யார் காலில் விழவேண்டுமோ சொல், வந்து விழுகிறேன்.

*

பழவேற்காடு கோட்டை
1678 அக்டோபர் 3

அக்கா,

சாயப்பானைத் தண்ணீர் என்று படித்ததும் ஓலையைத் தூக்கி எறிந்துவிட்டேன். பிறகு நானே போய் எடுத்துக்கொண்டேன். அது எந்த மரம் என்று நானும் உனக்கு எழுதவில்லை. எனக்கும் தெரியாது. தெரியாது என்றாவது எழுதியிருக்கலாம்.

காலையிலிருந்து மூன்று பேர் வாசலில் நின்றேன். வைத்தியரிடம் கொஞ்சம் தூள் இருக்கிறது. உத்தரவுக்குப் பிறகு அது கிடங்கில் பூட்டுப் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. கிடங்குக்காரர், வைத்தியர் எழுதித் தரட்டும் என்றார். வைத்தியர், ஆஸ்பத்திரியில் இல்லாத நோயாளிக்குத் தான் எழுத முடியாது, கோட்டைத் துரை சொல்லட்டும் என்றார். கோட்டைத் துரையின் எழுத்தர், பட்டியலில் இல்லாத மருந்துக்கு விண்ணப்பமே கிடையாது, ஆகையால் வாங்கிக்கொள்ளவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்றார். மறுத்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். மறுபடி கிடங்குக்குப் போனேன். சாப்பிடப் போய்விட்டார்.

எனக்கு இவர்கள்மேல் வருகிற ஆத்திரத்தைவிட என்மேல்தான் அதிகம் வருகிறது. இத்தனை வருஷம் இந்தச் சுவர்களுக்குள் இருந்தால் நானும் ஒரு ஆள் என்று எண்ணியிருந்தேன்.

வைத்தியர் ஒன்று மட்டும் செய்தார். யாரும் பார்க்காதபோது மயிலாப்பூர்ச் சாமியாரின் பெயரை என் காதில் சொன்னார். நாளை விடிந்ததும் நடக்கப்போகிறேன். விடுப்புக் கேட்டேன், தரவில்லை. கேட்டதற்கு அடையாளமாகத் கும்பினி கொடுத்த தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறேன். மதம் மாறியவன் என்று பஞ்சாயத்து என்னைக் குப்பத்துக்குள் விடாது. முகத்துவாரத்து மணலில் செங்கல்வராயனை நிற்கச் சொல். அதுவரை மாமாவைப் போர்த்திப் படுக்கவை. தயவுசெய்து வேறெதையும் கொதிக்கவைக்காதே.

*

காளயுக்தி வருஷம், ஐப்பசி 6
கோரைக்குப்பம்

தம்பிக்கு.

மாமா பிழைத்துக்கொண்டார். காய்ச்சல் போய்விட்டது. நேற்று மீன்குழம்பில் உப்புக் குறைச்சல் என்றார். அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

நீ கால் வீங்கி வந்து நின்றாயாம். பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் திரும்பினாயாம். மாமாவை விட்டு நகர முடியாததால் நான் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதிதான் உண்மை. மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று உன் முதுகைப் பார்த்தேன்.

காதுதான் திரும்பவில்லை. ஒரு காது முழுக்கப் போய்விட்டது. இன்னொன்றில், பக்கத்தில் நின்று கத்தினால் ஏறுகிறது. மழை விட்ட அன்றைக்கு அவரே எழுந்து முகத்துவாரத்துக்குப் போனார். அலைக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, "செங்கல்வராயனை இனிமே தண்டலா நிக்கச் சொல்லு" என்றார். அடுப்படியில் போய் நான் அழுதேன். அவருக்குக் கேட்காது என்பதால் வாய்விட்டே அழுதேன்.

வைத்தியர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னார், இவர் சரி என்றார், அது அவர்கள் இரண்டு பேருக்குள் முடிந்தது. உன் மாமா தெரியாமல் குடித்த அந்த முதல் வேளைதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. இனி நம்ம பக்கத்து ஆள் யார் அந்தக் கட்டிலில் படுத்தாலும் நடுவில் நிற்கப்போகிறவன் நீ. முழுசாகச் சொல். உன்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்களா, இல்லையா? அதையும் எழுது.

*

பழவேற்காடு கோட்டை
1678 நவம்பர் 20

அக்கா,

வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்திருப்பார்கள். இரண்டு பாஷையும் தெரிந்த வேறு ஆள் கிடைக்கவில்லை. சம்பளத்தைக் குறைத்ததோடு விட்டுவிட்டார்கள். உத்தரவும் மாறியிருக்கிறது. வைத்தியர் எழுதித் தந்தால் அந்தத் தூளைக் கொடுக்கலாமாம். கோட்டைத் துரையின் மச்சானுக்குக் காய்ச்சல் வந்ததும் அந்தக் கதவு திறந்துகொண்டது.

நான் இதை எழுதுவது வேறு ஆத்திரத்தில். கரிமணல் ஊர்த் தனக்கோடியைக் கொண்டுவந்து போட்டார்கள். கும்பினிப் படகில் கயிறு இழுக்கிறவன், அதே முறைக்காய்ச்சல். நீ சொன்னபடியே செய்தேன். பட்டியலில் இல்லை என்றேன். முத்திரையில்லை என்றேன். காது இரையும், போகவும் போகலாம், என் மாமாவுக்குப் போய்விட்டது என்றேன். பிழைத்தவர்களைப் பற்றியும் சொன்னேன். வைத்தியர் பொறுமையிழந்து, நான் நாலு வார்த்தை சொன்னால் தமிழில் இவ்வளவு நேரமா ஆகும் என்றார். ஆகும் என்றேன்.

தனக்கோடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு வாணாம். என்னை ஊட்டுக்கு அனுப்பு" என்றான். அனுப்பிவிட்டார்கள். என்னதான் சொன்னாய் என்று வைத்தியர் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன் என்றேன். கையிலிருந்த கிண்ணத்தைச் சன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் மறைத்தபோது ஒரு மனுஷன் பிழைத்தான். சொன்னபோது ஒருத்தன் சாகப் போயிருக்கிறான். நீதானே முழுசாகச் சொல்லச் சொன்னாய்? இப்போது என்ன செய்வது என்று நீயே சொல்.

*

காளயுக்தி வருஷம், கார்த்திகை 11
கோரைக்குப்பம்

தம்பி சாலமனுக்கு.

இந்தப் பெயரை எழுதும்போது கணக்கர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எழுதும் என்றேன்.

நீ சொன்னதில் தப்பில்லை. ஆனால் தனக்கோடியின் இடத்திலிருந்து பார். குளிரில் பல்லு அடித்துக்கொண்டு கிடக்கிறான். கோட்டைச் சட்டை போட்ட ஒருத்தன் மேலே நின்றுகொண்டு, காது போகும், முத்திரையில்லை என்று அடுக்குகிறான். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன் கிண்ணத்தோடு அவசரப்படுகிறான். எதிர்க்கேள்வி கேட்க அவனுக்கு யார் இருக்கிறார்கள்? எனக்குச் சந்தேகம் வந்தபோது திட்டிக் கேட்க நீ இருந்தாய். மூன்று ஓலை போட்டுத்தான் எனக்கே பாதி புரிந்தது. அவனிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பதில் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வான்.

நாளை விடிந்ததும் உன் மாமாவைப் படகில் ஏற்றிக் கரிமணலுக்குக் கூட்டிப்போகிறேன். அவரும் புறப்பட்டுத்தான் நிற்கிறார். தனக்கோடி கேட்க வேண்டியதையெல்லாம் இவரிடம் கேட்கட்டும். இவருக்கு ஏறுகிற மாதிரி ஒவ்வொன்றையும் கத்திக் கேட்க வேண்டியிருக்கும். காது போனால் எப்படி இருக்கும் என்று நாம் யாரும் அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்த மனுஷன் கரையில் உட்கார்ந்து வலை பின்னுவதும், குழம்பில் உப்புக் குறைச்சல் என்று சண்டைக்கு வருவதும் அவனுக்குத் தெரியட்டும். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அது அவன் இஷ்டம், நீ தூங்கு.

வேண்டும் என்று சொன்னால் செங்கல்வராயனிடம் சொல்லி அனுப்புகிறேன். வைத்தியரிடம் எழுதி வாங்கிப் பொட்டலத்தைத் தயாராக வை. நனையாமல் எண்ணெய்த்துணியில் கட்டு. வேறு யார் கையிலும் கொடுத்துவிடாதே, நீயே எடுத்துக்கொண்டு வா. பஞ்சாயத்தாரிடம் நான் பேசிவிட்டேன். கரிமணலுக்குப் போகிற வழி நம்ம வாசல் வழியாகத்தான். சோறு எடுத்து வைத்திருப்பேன்.